வலைப்பூவில் படித்ததை ஆய்வேட்டில் காட்டுவது எப்படி?

கேள்வி: தருமபுரி, கிருஷ்ணகிரி நடுகற்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சில கற்களைப் பற்றி உள்ளூர் ஆர்வலர் ஒருவர் வலைப்பூவில் எழுதியதுதான் கிடைத்தது. லிங்க் கொடுத்தேன், நெறியாளர் ‘ஏபிஏ முறையில் எழுது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். எப்படி எழுதுவது?
– ஆய்வு மாணவி, பென்னாகரம்

பதில்: நெறியாளர் சொல்வது சரிதான். ஏபிஏ என்பது அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த மேற்கோள் காட்டும் முறை. வெறும் லிங்க் நாளைக்குத் திறக்காமல் போனால் யார், எப்போது எழுதியது என்று தேட ஒரு பிடிமானமும் இருக்காது. ஏபிஏ கையேட்டின் ஏழாம் பதிப்பின்படி முதலில் எழுதியவர் பெயர், அடைப்புக்குறிக்குள் ஆண்டு, மாதம், நாள், பிறகு அந்தப் பதிவின் தலைப்பு, அப்புறம் வலைப்பூவின் பெயர், கடைசியில் இணைய முகவரி. சாய்வெழுத்து வலைப்பூவின் பெயருக்கு மட்டும்தான், பலர் இதை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். ஆறாம் பதிப்பில் பழகிய சீனியர்கள் சதுர அடைப்புக்குறிக்குள் ‘வலைப்பதிவு’ என்று சேர்க்கச் சொல்வார்கள், இப்போது அது வேண்டாம். கட்டுரைக்குள்ளே பெயரும் ஆண்டும் போதும்.

பெயரில்தான் நம்மவர்களுக்குச் சிக்கல். இனிஷியல் அப்பாவுடையது, அதைக் குடும்பப்பெயராக நினைத்து விரித்து முன்னால் தள்ளாதீர்கள், அவருடைய சொந்தப் பெயர்தான் முதலில் வரும். புனைபெயர் மட்டும் இருந்தால் அதையே போடுங்கள். தேதி என்பது பதிவு வெளியான தேதி, நீங்கள் படித்த தேதி அல்ல.

முகவரியைக் கைப்பேசியிலிருந்து காப்பி செய்திருந்தால் கடைசியில் கேள்விக்குறி போட்டு ‘எம் சமம் ஒன்று’ என்று ஒரு வால் ஒட்டியிருக்கும், அதை வெட்டிவிடுங்கள். பழைய பதிவுகளில் ‘பிளாக்ஸ்பாட் டாட் இன்’ என்றிருந்தால் ‘டாட் காம்’ என்று மாற்றித் திறந்து பாருங்கள், அந்த ‘இன்’ 2020-இல் கூகுள் கையைவிட்டுப் போய்விட்டது.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. கல்லில் உள்ள வாசகத்தை வலைப்பூக்காரர் தொல்லியல் துறையின் கல்வெட்டுத் தொகுதியிலிருந்து எடுத்துப் போட்டிருந்தால், நீங்கள் காட்ட வேண்டியது அந்தத் தொகுதியை. பழைய தொகுதியில் தேடும்போது கிருஷ்ணகிரிக் கற்களையும் தருமபுரி மாவட்டத்தின் கீழேயே பாருங்கள், கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான். அவரே வயலில் நின்று கண்டு, படமெடுத்து எழுதியது என்றால் தயங்காமல் வலைப்பூவையே காட்டுங்கள், அங்கே அவர்தான் மூலம். கையோடு அந்தப் பக்கத்தை, இணையப் பக்கங்களின் நகலைக் காத்துவைக்கும் ‘வேபேக் மெஷின்’ தளத்தில் சேமித்தும் வையுங்கள், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) யாராவது லிங்க் திறக்கவில்லை என்றால் அதைக் காட்டலாம்.