கணக்கு டீச்சர் பதில்கள்: முழுப் பக்கத்தையும் அடித்துவிடாதீர்கள்

கேள்வி: வயது 28. குரூப் 4 மூன்று தடவை எழுதிவிட்டேன். முதல் தடவை 118 கேள்வி சரி, அப்புறம் 139, கடைசியாக 151. இன்னும் பத்துப் பதினைந்து கேள்வி சரியாகப் போட்டிருந்தால் கிடைத்திருக்கும். இப்போது இ-சேவை மையத்தில் உட்கார்ந்து வருமானச் சான்று, முதியோர் பென்ஷன் என்று ஊர்க்காரர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறேன். நான் எதற்கும் லாயக்கில்லாதவன் என்பது உறுதியாகிவிட்டது. நண்பன் சொன்னானே என்று கண்ணாடி முன் நின்று ‘நான் வெற்றியாளன்’ என்று ஒரு மாதம் சொல்லிப் பார்த்தேன். எனக்கே சிரிப்புதான் வந்தது.
- பெயர் வேண்டாம், தருமபுரி மாவட்டம்

பதில்: சிரிப்பு வந்தவரைக்கும் நல்லது தம்பி. ‘லாயக்கில்லாதவன்’ எவ்வளவு தப்போ, ‘வெற்றியாளன்’ என்பதும் அவ்வளவு தப்பு. இரண்டுமே வழிமுறை காட்டாமல் எழுதின விடை.

31 வருஷம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள் நான். கடைசி வரி தப்பாகிவிட்டது என்பதற்காகப் பக்கம் முழுவதையும் குறுக்கே அடித்துவிட மாட்டோம். எந்த வரியில் பிள்ளை வழுக்கினான் என்று தேடி, அங்கே மட்டும் சிவப்பு மையால் கோடு. அதுவரை போட்டதற்கு ஸ்டெப் மார்க் உண்டு. உங்கள் கடிதத்தில் ‘மூன்று தடவை கிடைக்கவில்லை’ என்பது சரியான வரி. அடுத்து, நடுவில் ஒரு ஸ்டெப்கூட இல்லாமல், ‘ஆகவே எதற்கும் லாயக்கில்லை’ என்று தாவிவிட்டீர்கள். கோடு அங்கேதான்.

இந்தத் தாவலைப் பிடித்தவர் ஆரோன் பெக். பிலடெல்பியாவின் மனநல மருத்துவர். 2021-இல் நூறு வயதில் காலமானார். அவரிடம் வந்த ஒரு பெண் தன் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், உள்ளுக்குள் ‘இவருக்கு நான் சலிப்பாக இருக்கிறேன்’ என்று இன்னொரு எண்ணம் ஓடுகிறது. அவளைப் பதற வைத்தது சொன்ன கதை இல்லை, சொல்லாமல் ஓடிய அந்த எண்ணம். இப்படித் தானாக ஓடுவதைப் பிடித்து, உண்மையா என்று சோதிக்கிற வைத்திய முறையை 1960-களில் அவர் உருவாக்கினார்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். பக்கத்தை நான்காகப் பிரியுங்கள். முதல் கட்டத்தில் நடந்தது மட்டும். இரண்டாவதில் அப்போது மனசு சொன்ன வாக்கியம், அதே வார்த்தையில். கெட்ட வார்த்தையானாலும் அப்படியே எழுதுங்கள், நான் பார்க்கப் போவதில்லை. மூன்றாவதில் அதற்குச் சாட்சியும் எதிர்ச்சாட்சியும். நான்காவதில் திருத்திய வாக்கியம்.

மூன்றாவது கட்டத்தில்தான் எல்லோரும் பேனாவைக் கடிப்பார்கள். உங்களுக்காக நானே தொடங்கி வைக்கிறேன். 118-இலிருந்து 151 என்றால் 33 கேள்வி கூடுதல். கேள்விக்கு ஒன்றரை மார்க் வீதம் 49.5 மார்க் ஏறியிருக்கிறது. எதிர்ச்சாட்சி ஒன்று. 2024 குரூப் 4-க்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். வகுத்தால் ஓர் இடத்துக்கு 320 பேர். கிடைத்த ஒருவரைத் தவிர மிச்சம் 319 பேரும் உதவாக்கரைகளா? இது இரண்டு. பென்ஷன் விண்ணப்பத்தோடு உங்கள் மேஜைக்கு வருகிற பாட்டியிடம், ‘இந்தப் பையன் எதற்காவது லாயக்கா’ என்று கேட்டுப் பாருங்கள். அது மூன்று.

சாட்சியும் இருக்கிறது, மறைக்க வேண்டாம்: மூன்று தடவையும் போதவில்லை. ஆகவே நான்காவது கட்டத்தில் நான் எழுதுவது இது: ‘மூன்று தடவை போதவில்லை. மார்க் ஏறிக்கொண்டிருக்கிறது. இன்னொரு தடவை எழுதுவேன். அதுவும் வராவிட்டால் என்ன வேலைக்குப் போவது என்று இப்போதே பார்த்து வைப்பேன்.’ இதில் இனிப்பு இல்லை. ஆனால் கண்ணாடி முன் சொன்னால் சிரிப்பு வராது.

ஒன்றே ஒன்று. ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்கிற அளவுக்கு ராத்திரியில் மனசு போனால், நோட்டை மூடிவிட்டு 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ், இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

கேள்வி: மாமியார், நாத்தனார், எதிர்வீட்டு அக்கா என்று எல்லோரும் என்னை நல்லவள் என்று சொல்லியே ஆகணும் எனக்கு. ஒருத்தர் முகம் சுளித்தாலும் அன்றைக்குத் தூக்கம் போச்சு.
- கும்பகோணம் வாசகி

பதில்: அந்த ‘ஆகணும்’தான் தூக்கத்தைக் கெடுக்கிறதும்மா. நியூயார்க்கில் ஆல்பர்ட் எல்லிஸ் என்று ஒரு மனவியலாளர் இருந்தார். இந்த ‘ஆகணும்’களைத் துரத்துவதே அவர் வைத்தியம். 19 வயதில் அவருக்குப் பெண்களோடு பேசவே பயம். ஒரு மாதம் தினமும் பிராங்ஸ் தாவரவியல் பூங்காவுக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் வலியப் பேசினார். நூறு பேரிடம் பேசியதில் ஒரே ஒருத்தி சந்திக்கச் சம்மதித்தாள், அவளும் வரவில்லை. ஆனால் வானம் இடிந்து விழவில்லை, பயம் போய்விட்டது. (பையன்கள் இதை இங்கே முயற்சி செய்ய வேண்டாம், கதை வேறு மாதிரி முடியும்.)

உங்களுக்கு ஒருத்தர் போதும். எதிர்வீட்டு அக்கா அடுத்த தடவை மாவு அரைத்துத் தரச் சொன்னால், ‘இன்னிக்கு முடியாதுக்கா’ என்று காரணம் சொல்லாமல் நிறுத்துங்கள். முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், எத்தனை நாள் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். மாமியார் விஷயம் முகச்சுளிப்போடு நிற்காமல் வசவு, அடி என்று போகிறதென்றால் அது உங்கள் எண்ணத்தின் கோளாறே இல்லை. அதற்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

கேள்வி: ஊருக்கு உபதேசம் சரி. உங்கள் நோட்டில் நீங்கள் எழுதியதுண்டா டீச்சர்?
- திருச்சி வாசகர்

பதில்: உண்டு சார். 43 வயதில் ஸ்கூட்டர் லைசென்ஸுக்குப் போனேன். எட்டு போடச் சொன்னார்கள். இரண்டாவது வளைவில் இடது காலை ஊன்றிவிட்டேன். வரிசையில் நின்ற காலேஜ் பையன்களில் ஒருவன் என் பழைய மாணவன். ‘டீச்சர், பரவால்ல டீச்சர்’ என்றான். அதுதான் தாங்கவில்லை. ‘எனக்கு வண்டி வராது’ என்று முடிவுகட்டி நான்கு வருஷம் பஸ்ஸில் போனேன்.

தபால் வழியில் மனவியல் படித்தபோதுதான் நோட்டு வாங்கினேன். எதிர்ச்சாட்சிக் கட்டத்தில் எழுத ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது: முதல் வளைவில் கால் ஊன்றவில்லை. அப்படியானால் இரண்டாவதில் என்ன ஆயிற்று? குனிந்து முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் பள்ளி மைதானத்தில் கோலமாவால் ஓர் எட்டு போட்டுக் கொடுத்தார். வளைவின் முடிவைப் பார்த்தபடி ஓட்டிப் பழகினேன். மறுபடி போனேன், மறுபடி கால் ஊன்றினேன். அதற்கும் அடுத்த தடவை லைசென்ஸ் வந்தது.

இன்னும் காந்தி மார்க்கெட்டுக்கு மட்டும் ஸ்கூட்டரில் போவதில்லை. அது பயத்தால் இல்லை சார், அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.