ஒளிப்படம்: கேள்வி – பதில்

கேள்வி: வேடந்தாங்கலில் பறக்கும் நத்தைகுத்தி நாரைகளைப் படமெடுத்து, வாட்ஸ்அப்பில் நண்பர்களிடம் கருத்துக் கேட்டேன். எல்லோரும் “ஷார்ப்பாக இல்லை” என்கிறார்கள். கேமராவிலும் படம் சற்று மங்கல்தான். எதை மாற்றுவது?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: முதலில் அனுப்பும் முறையை மாற்றுங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும்; இறகின் நுண்விவரமெல்லாம் போய்விடும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். நிறங்களைப் பதியும் முறைகளில், அடோபி ஆர்ஜிபி-யில் சேமித்த படம் பல திரைகளில் வெளிறித் தெரியும், எஸ்ஆர்ஜிபி-யில் சேமியுங்கள்.

அடுத்து, படத்தை 100 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். காட்சி முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. உடல் தெளிவாக இருந்து சிறகு நுனி மட்டும் கலைந்திருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. 1/2000 நொடிக்குப் போங்கள், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 1600 ஆனாலும் தயங்க வேண்டாம். அதனால் படத்தில் வரும் புள்ளிகளைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், கலைந்த சிறகை மீட்க முடியாது. பின்னாலுள்ள கிளை தெளிவாக, பறவை மங்கலாக இருந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது. நகரும் பறவையை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸுக்கு மாற்றுங்கள். கேனானில் ‘ஏஐ சர்வோ’ அல்லது ‘சர்வோ ஏஎஃப்’, நிக்கானிலும் சோனியிலும் ‘ஏஎஃப்-சி’.

கருத்துக் கேட்கும்போது ஷட்டர், அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ, லென்ஸின் குவியத்தூரம் நான்கையும் சேர்த்து எழுதுங்கள். “எப்படி இருக்கு?” என்றால் “சூப்பர்” என்றுதான் பதில் வரும். “கண்ணில் ஃபோகஸ் விழுந்திருக்கிறதா?” என்று கேளுங்கள். நண்பர்களும், “மங்கல்” என்று சொல்வதோடு நிறுத்தாமல் எந்த இடத்தில் என்று வட்டமிட்டுக் காட்டினால் பெரிய உதவி.