ஏற்பி இல்லாமல் பிறந்த சுண்டெலிகள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். அமெரிக்க ஆய்வாளர் கென்னத் கோராக்கின் ஆய்வுகள் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை என் பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின், அதாவது அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் புரதத்தின், மரபணுவைச் செயலிழக்கச் செய்த சுண்டெலிகளும் நல்லபடியாகவே பிறந்தன என்று அதில் எழுதியிருந்தீர்கள். கடைசிப் பத்தியில், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்ட செயற்கை ஈஸ்ட்ரோஜன் வயிற்றிலிருந்த பெண் குழந்தைகளைப் பாதித்தது என்றும் எழுதியிருந்தீர்கள். ஒரு மாணவி உடனே எழுந்து, "பூட்டே இல்லாமல் கதவு ஒழுங்காக இருக்குதுன்னா, சாவி எப்படி மிஸ் கெடுதல் பண்ணும்?" என்று கேட்டாள். அப்புறம் இன்னொன்றும் கேட்டாள்: எந்த விலங்கின் கருவுக்குமே ஈஸ்ட்ரோஜன் தேவையில்லையா? இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. நீங்கள் சொன்னால் வகுப்பில் அப்படியே சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதல் கேள்விக்குச் சோதனைக்கூடத்திலேயே பதில் கிடைத்திருக்கிறது, அதுவும் கோராக்கின் கூடத்திலேயே. ஆனால் அதற்கு முன்னால், ஏற்பி இல்லாத சுண்டெலிகளை உருவாக்கிய அந்த 1993 சோதனை எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை என்பதைப் பார்த்துவிடலாம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாத உயிர் கருவிலேயே அழிந்துவிடும் என்றுதான் அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். அப்படி ஒரு மனிதரையும் எந்த மருத்துவரும் பார்த்ததில்லை என்பது ஒரு காரணம். அமெரிக்காவின் வட கரோலினாவில் டென்னிஸ் லுபான், கோராக், ஆலிவர் ஸ்மிதீஸ் ஆகியோர் சேர்ந்து அந்த மரபணுவைக் குலைத்த சுண்டெலிகளை உருவாக்கினார்கள். குட்டிகள் பிறந்தன. பெண் குட்டிகளுக்குக் கருப்பை, கருக்குழாய், யோனி எல்லாம் இருந்தன. வளர்ந்த பிறகுதான் கோளாறு தெரிந்தது: கருப்பை ஈஸ்ட்ரோஜனுக்கு அசைந்து கொடுக்கவில்லை, குட்டி போட முடியவில்லை. அடுத்த ஆண்டே ஒரு மனிதரும் அகப்பட்டார். 28 வயது, 204 சென்டிமீட்டர் உயரம். ஏற்பி மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுது. எலும்பின் நுனிகள் மூடாததால் அந்த வயதிலும் வளர்ந்துகொண்டே இருந்தார். ஆணின் எலும்புக்கும் ஈஸ்ட்ரோஜன் வேண்டும் என்பதை இந்த ஒரு மனிதர் நிரூபித்த அளவுக்கு வேறு யாரும் நிரூபிக்கவில்லை. 'பெண் ஹார்மோன்' என்று இதை அழைப்பதே எனக்கு ஒப்பாது, அது இருக்கட்டும்.

ஆட்சேபம் எழாமல் இல்லை. 1996இல் இரண்டாவது ஏற்பி ஒன்று தெரியவந்தது. அதுதான் கருவைக் காப்பாற்றியதோ என்று சந்தேகம் வந்தது. ஸ்ட்ராஸ்பூரில் பியர் ஷாம்போனின் குழு இரண்டையும் நீக்கிப் பார்த்தது. அப்போதும் குட்டிகள் பிறந்தன.

இதில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஆல்ஃப்ரெட் ஜோஸ்ட் 1940களிலேயே முயல் கருக்களில் காட்டியிருந்தார்: இனச்சுரப்பியை எடுத்துவிட்டால் கரு பெண் உடலாகவே வளர்கிறது. கருவில் பெண்ணுறுப்புகளாக வளரக்கூடிய குழாய்க்கு முல்லேரியன் நாளம் என்று பெயர். அதை அழிக்கும் ஹார்மோன் விந்தகத்திலிருந்து வராவிட்டால் அந்த நாளம் தானாகவே கருப்பையாகிவிடும். அதைக் கட்டி எழுப்ப ஈஸ்ட்ரோஜன் வேண்டியதில்லை.

ஆக, 1993 சோதனை சொன்னது இவ்வளவுதான்: கருவில் அந்த உறுப்புகள் உருவாக இந்த ஏற்பி தேவையில்லை. ஏற்பி அங்கே இல்லை என்று அது சொல்லவில்லை. இருக்கிறது. சுண்டெலிக் கருவில் கருப்பையாகப்போகும் திசுவின் அடியடுக்கில் பிறப்பதற்குச் சில நாட்கள் முன்பே ஏற்பி வந்துவிடுகிறது. வேலையில்லாமல் இருக்கிறதே தவிர, காது கேட்காமல் இல்லை. ஒரு மரபணுவை நீக்கிப் பார்க்கும் சோதனை 'இது இல்லாமல் நடக்குமா' என்ற ஒரே கேள்விக்குத்தான் பதில் தரும். 'இதைத் தவறான நேரத்தில் முடுக்கினால் என்ன ஆகும்' என்பது வேறு கேள்வி. விஷயம் தெரிந்தவர்களே இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிப் பார்த்திருக்கிறேன். உங்கள் மாணவி வருத்தப்பட வேண்டாம்.

அந்த ஏற்பியைச் சும்மா இருக்க வைக்க உடல் எவ்வளவு மெனக்கெடுகிறது என்று பாருங்கள். தாயின் இரத்தம் முழுக்க ஈஸ்ட்ரோஜன். எலி, சுண்டெலிக் கருக்களில் ஆல்ஃபா-ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதம் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இந்தப் புரதம் இல்லாத சுண்டெலிகளை உருவாக்கியபோது பெண் குட்டிகள் வளர்ந்து ஆண் சுண்டெலிகளைப் போல நடந்துகொண்டன. கருக்காலத்தில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியை மருந்தால் தடுத்தால் அந்த மாற்றம் வரவில்லை. மனிதர்களில் இந்தப் புரதம் ஈஸ்ட்ரோஜனைப் பிடிப்பதில்லை. இரத்தத்தில் வேறொரு புரதம் அந்த வேலையைச் செய்கிறது. கர்ப்பிணிகளுக்குக் கொடுத்ததாக நீங்கள் படித்த அந்தச் செயற்கை ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, அதாவது டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால், சுருக்கமாக டிஇஎஸ், இந்த இரண்டு புரதங்களிடமும் சரியாக அகப்படுவதில்லை. நேராகத் திசுவுக்குள் போய்விடும்.

இப்போது பூட்டும் சாவியும். இந்த உவமை பாதி தூரம்தான் வரும். ஏற்பி என்பது ஹார்மோன் வந்து ஒட்டியதும் டிஎன்ஏவின் மேல் உட்கார்ந்து, மற்ற புரதங்களை அழைத்து, பக்கத்திலோ தூரத்திலோ இருக்கும் மரபணுக்களை ஏற்றவோ இறக்கவோ செய்யும் ஒரு புரதம். அது தேடும் இடம் 13 எழுத்து நீளம்: ஐந்து எழுத்து, நடுவில் எதுவாகவும் இருக்கக்கூடிய மூன்று, பிறகு அதே ஐந்தின் எதிரொலி. அதை ஒத்த இடங்கள் மரபணுத் தொகுதியில் ஏராளம். எந்த இடம் அந்த நேரத்தில் திறந்து கிடக்கிறதோ அங்கேதான் ஏற்பியால் உட்கார முடியும். திறந்து வைப்பது ஃபாக்ஸ்ஏ1 போன்ற முன்னோடிப் புரதங்கள். அதனால்தான் ஒரே ஹார்மோன் மார்பகத்தில் ஒரு வேலையும் எலும்பில் இன்னொரு வேலையும் செய்கிறது. கருவிலோ எதைத் திறப்பது, எதை நிரந்தரமாக மூடுவது என்பதே அப்போதுதான் முடிவாகிக்கொண்டிருக்கிறது.

அந்த முடிவுகளில் ஒன்று ஹாக்ஸ் மரபணுக்களுடையது. நீண்ட ஒரே குழாயாக இருக்கும் முல்லேரியன் நாளத்தில் எந்தப் பகுதி எதுவாக வேண்டும் என்று இவை வரிசையாகக் குறிக்கின்றன: ஹாக்ஸ்ஏ9 கருக்குழாய், ஏ10 கருப்பை, ஏ11 கருப்பையின் கீழ்ப்பகுதியும் கழுத்தும், ஏ13 யோனியின் மேல்பகுதி. கருவிலிருக்கும் சுண்டெலிக்கு டிஇஎஸ் போனால் ஏ9 கருப்பைப் பகுதிக்குள் இறங்கி வருகிறது, ஏ10உம் ஏ11உம் குறைகின்றன. டபிள்யூஎன்டி7ஏ என்ற இன்னொரு மரபணுவும் அடங்கிப்போகிறது. இந்த மரபணு பிறவியிலேயே பழுதான சுண்டெலியின் கருப்பையும் டிஇஎஸ் பட்ட சுண்டெலியின் கருப்பையும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும்.

உங்கள் மாணவிக்கான பதில் 2001இல் வந்தது. ஏற்பி இல்லாத அதே வகைச் சுண்டெலிகளுக்கு, பிறந்த உடனே டிஇஎஸ் கொடுத்துப் பார்த்தார்கள். (சுண்டெலி பிறக்கும்போது அதன் கருப்பை அரைகுறையாகத்தான் இருக்கும். மனிதக் கரு வயிற்றுக்குள் தாண்டும் கட்டத்தை அது வெளியே வந்து தாண்டுகிறது.) சாதாரணச் சுண்டெலிகளில் மேலே சொன்ன மரபணுக்கள் அடங்கின, உறுப்புகள் சிதைந்தன. ஏற்பி இல்லாதவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாத்திரையின் கெடுதல் முழுக்க ஏற்பி வழியாகத்தான் போயிருக்கிறது. பூட்டு இல்லாத வீட்டில் சாவியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவள் சொன்னது சரி, அந்தச் சுண்டெலிகளைப் பொறுத்தவரை. தாயின் வயிற்றில் மாத்திரை பட்ட பெண் குழந்தைகளுக்கு ஏற்பி இருந்தது.

வளர்ந்த உடலிலும் இதே மாதிரிதானே என்று அடுத்து கேட்பாள். இல்லை. ஆண் தவளைக்கு ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டால் அதன் கல்லீரல் முட்டையின் மஞ்சள் கருவுக்கான புரதத்தைச் செய்ய ஆரம்பித்துவிடும். ஹார்மோன் போனதும் உற்பத்தி நின்றுவிடும். மறுமுறை போட்டால் முன்பைவிட வேகமாகத் தொடங்கும், அவ்வளவுதான். குட்டிப்பருவத்தில் டிஇஎஸ் பட்ட சுண்டெலியின் கதை வேறு. வளர்ந்த பிறகும் அதன் கருப்பையில் லாக்டோஃபெரின் மரபணுவின் முகப்பில், மரபணுவை அடக்கி வைக்க டிஎன்ஏவில் ஒட்டும் மெத்தில் குறி ஒன்று காணாமல் போயிருந்தது. அதே அளவை வளர்ந்த சுண்டெலிக்குக் கொடுத்தால் குறி அப்படியே இருந்தது. மருந்து ஒன்று, மரபணு ஒன்று, வயதுதான் வேறு.

மனிதர்களில் இது எப்படி வெளியே வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்டனில் 1971இல் ஆர்தர் ஹெர்ப்ஸ்டும் சகாக்களும் எட்டு இளம் பெண்களைப் பற்றி எழுதினார்கள். அந்த வயதில் அநேகமாக வரவே வராத யோனிப் புற்றுநோய். எட்டில் ஏழு பேரின் தாய்மார் கர்ப்பத்தில் டிஇஎஸ் சாப்பிட்டவர்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில்தான் இந்தப் புற்றுநோய் வந்தது, ஆனால் கருப்பையின் வடிவக் கோளாறும் கருச்சிதைவும் அதைவிட மிக அதிகம். என்னை எரிச்சல்படுத்துவது இதுதான்: கருச்சிதைவைத் தடுக்கத்தான் அந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். அது தடுக்கவில்லை என்று சிகாகோவில் நடந்த சோதனை 1953லேயே காட்டிவிட்டது. அதன் பிறகும் 18 வருஷம் எழுதிக் கொடுத்தார்கள்.

சரி, இரண்டாவது கேள்வி. கருவில் பெண்ணுறுப்புகள் உருவாக ஈஸ்ட்ரோஜன் வேண்டியதில்லை என்பது நம்மைப் போன்ற பாலூட்டிகளின் கதை. செங்காது ஆமையின் முட்டையை ஆண் பிறக்கும் குளிர்ச்சியில் வைத்து, மேலே ஈஸ்ட்ரோஜன் தடவினால் பெண் பிறக்கும். கோழியில் இன்னும் தெளிவு. ஈஸ்ட்ரோஜனைச் செய்யும் அரோமட்டேஸ் நொதியை முட்டைக்குள்ளேயே ஒரு மருந்தால் தடுத்தார்கள், 1992இல். மரபணுப்படி பெட்டையாக இருந்த குஞ்சுகளுக்கு விந்தகங்கள் வளர்ந்தன.