ஒரே டோஸ்னா அரைகுறை வைத்தியமா?

கேள்வி: டாக்டர், என் தம்பி உகாண்டாவுல கடை வச்சிருக்கான். கடையில வேலை பாக்குற உள்ளூர் பையனுக்கு எச்ஐவி, இப்ப பூஞ்சை மூளைக்காய்ச்சலும் வந்துருச்சாம். முதுகுல ஊசி குத்தி நீர் எடுக்கணும்னதும் வீட்டுல மாட்டேங்குறாங்க. டிரிப்ஸ் மருந்து ஒரே ஒரு நாள்தான்னு வேற சொல்லிட்டாங்களாம். ஏழைங்கன்னு ஏனோதானோன்னு பாக்குறாங்களா?
வாசகி, காரைக்குடி

பதில்: இல்லம்மா, இன்னிக்கு இருக்கறதுல நல்ல வைத்தியமே அதுதான். இந்த கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை மண்ணுலயும் புறா எச்சத்துலயும் இருக்கும், மூச்சோட உள்ள போகும், நமக்கு பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது, எச்ஐவி அழிக்கிற நோய் எதிர்ப்பு அணுக்கள் இருக்கே, அந்த சிடி4 எண்ணிக்கை 100க்கு கீழ போனவங்களைத்தான் அதிகமா தேடிப் புடிக்கும். ஆளுக்கு ஆள் ஒட்டாது, தம்பி பயப்பட வேண்டாம்.

முன்னாடி ஆம்ஃபோடெரிசின்ங்கற டிரிப்ஸ் பூஞ்சை மருந்தை ஒரு வாரம், ரெண்டு வாரம்னு தினமும் ஏத்துவாங்க, குளிர் நடுக்கம் தூக்கிப் போடும், கிட்னி அடிவாங்கும், பொட்டாசியம் மளமளன்னு இறங்கும், இதுக்கெல்லாம் அடிக்கடி ரத்த டெஸ்ட் வேணும், லேப்ல பாதி நாள் கெமிக்கலே இல்லாத ஆஸ்பத்திரியில அது நடக்கிற கதையா? அதான் லிப்போசோமல்னு கொழுப்புல பொதிஞ்ச ஆம்ஃபோடெரிசினை கிலோவுக்கு 10 மில்லிகிராம்னு ஒரே தடவையா குடுத்துப் பாத்தாங்க. உகாண்டா, மலாவி, ஜிம்பாப்வே, போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கான்னு அஞ்சு நாட்டுல, 800 பேருக்கு மேல. 10 வாரத்துக்குள்ள இறந்தவங்க இதுல 24.8 சதவீதம், ஒரு வாரம் ஏத்துற முறையில 28.7. பக்கவிளைவும் கம்மி. 2022ல உலக சுகாதார நிறுவனம் (டபிள்யூஎச்ஓ) இதையே முதல் சாய்ஸா சொல்லிருச்சு. (ஆமா, இன்னும் நாலுல ஒருத்தர் போறாங்க, லேசான வியாதி இல்ல.)

டிரிப்ஸ்தான் ஒரு நாள், கூடவே ஃப்ளூசைட்டோசின், ஃப்ளூகோனசோல்னு ரெண்டு பூஞ்சை மருந்தும் 14 நாள் போகணும். இந்த ஃப்ளூசைட்டோசின் 1957ல வந்த மருந்து, காப்புரிமை எப்பவோ முடிஞ்சாச்சு, இருந்தும் ஆப்பிரிக்காவுல பல ஊர்ல குதிரைக்கொம்பு. அது கையில இருக்கான்னு தம்பியை முதல்ல கேக்கச் சொல்லுங்க.

முதுகு ஊசிக்கு வருவோம். குத்துனா கால் விளங்காது, ஆளே போயிடும்னு பயம் அங்க மட்டுமா, நம்ம ஊர்லயும்தான். மண்டைக்குள்ள நீர் அழுத்தம் ஏறுறதாலதான் அந்தத் தலைவலி, வாந்தி, கண்ணு மங்கறது எல்லாம், விட்டா உயிரையே எடுக்கும். அதை இறக்க மாத்திரை கிடையாது, ஸ்டீராய்டு குடுத்துப் பாத்ததுல கெடுதல்தான் ஆச்சு. நீரை எடுத்தே ஆகணும், நாலஞ்சு தடவைகூட எடுக்க வேண்டி வரலாம். வீட்டுக்காரங்களை உக்காரவச்சு அவங்க பாஷையிலயே தம்பி சொன்னா நல்லது.

இன்னொண்ணு, பையன் எச்ஐவி மாத்திரை இன்னும் ஆரம்பிக்கலைன்னா உடனே குடுக்க மாட்டாங்க, 4லேர்ந்து 6 வாரம் தள்ளிப் போடுவாங்க, முன்னாடியே ஆரம்பிச்சவங்கதான் அதிகமா இறந்தாங்க. ஏன் குடுக்கலைன்னு தம்பி அங்க போய் சண்டை போட வேண்டாம்.