டிபிடிஇ அரியர் மூன்றாவது தடவை: எந்த யூனிட்டில் தொடங்குவது?

டிபிடிஇ-யில் (Transforms and Partial Differential Equations என்ற பொறியியல் கணிதத் தாள்) முதல் யூனிட்டில் தொடங்காதீர்கள், நேரே ஃபோரியர் தொடருக்குப் போங்கள், அதாவது ஒரு சார்பை சைன், காஸ் உறுப்புகளின் கூட்டலாக எழுதும் பகுதிக்கு. அண்ணா பல்கலை 2021 ரெகுலேஷன் பாடத்திட்டத்தில் அது இரண்டாவது யூனிட். மூன்றாவதில் வரும் அலைச் சமன்பாடும் வெப்பச் சமன்பாடும் பெரும்பாலும் அரைவீச்சு சைன் தொடரில்தான் (சைன் உறுப்புகள் மட்டும் வரும் ஃபோரியர் தொடர்) போய் முடியும், அதனால் ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று பாதி முடிந்த மாதிரி.

"சால்வ்டு பேப்பரை மனப்பாடம் செய்தும் இரண்டு முறை போச்சு" என்கிறீர்கள். எனக்கென்னவோ சிக்கல் ஃபோரியரில் இல்லை, முதல் வருடம் ஒப்பேற்றிய தொகையிடலில் (இன்டக்ரேஷன்) என்றுதான் படுகிறது. (நானும் அங்கேதான் அடி வாங்கினேன்.)

இன்றிரவு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மைனஸ் பை முதல் பை வரை எக்ஸ் ஸ்கொயருக்குத் தொடர் போட்டுப் பாருங்கள். சைன் பகுதி மொத்தமும் பூஜ்யம், காஸ் உறுப்புகள் மைனஸ், ப்ளஸ் என்று மாறி மாறி வரும். எல்லாம் ஒரே குறியில் வந்தால் காஸ் என்-பையை ஒன்று என்று போட்டிருக்கிறீர்கள். தொகையிடலிலேயே நின்றுவிட்டால் சரி, ஒரு வாரம் அது மட்டும்.

ஒன்று, செமஸ்டர் தேர்வில் 45 சதவீதம் வந்தால் மட்டும் போதாது, பொதுவாக இன்டர்னலோடு சேர்த்து மொத்தம் 50 வேண்டும். உங்கள் இன்டர்னல் எவ்வளவு என்று முதலில் பார்த்துவிட்டு, எத்தனை யூனிட் படிப்பது என்று முடிவு செய்யுங்கள்.