ஒறட்டி தட்டும்போது ஓரம் விண்டு போவது ஏன்?

அரிசிமாவில் ஒறட்டி (தேங்காய் சேர்த்துக் கனமாகத் தட்டிச் சுடும் அரிசி ரொட்டி) தட்டினால் ஓரம் விண்டு போகிறது, ஆறினால் விறைத்துப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். விண்டு போவதற்குப் பெரும்பாலும் காரணம் வெள்ளம்தான் (குமரி மாவட்டத்தில் தண்ணீரை அப்படித்தானே சொல்கிறோம்).

கோதுமை மாவைப் பிசையப் பிசைய இழுவை வரும். அரிசிமாவில் அந்தப் பசைப் புரதம் கிடையாது. கொதிவெள்ளம் பட்டு மாவில் ஒரு பங்கு வெந்து பசையானால்தான் மீதி மாவைச் சேர்த்துப் பிடிக்கும். வெதுவெதுப்பான வெள்ளம் ஊற்றிவிட்டு எத்தனை நேரம் பிசைந்தாலும் பயன் இல்லை.

வறுத்த பச்சரிசி மாவு 2 கப், தேங்காய்த் துருவல் 1 கப், சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) 4, சீரகம் அரை ஸ்பூன், உப்பு முக்கால் ஸ்பூன். தேங்காய், உள்ளி, சீரகத்தை மிக்ஸியில் ஒரு சுற்று மட்டும் ஒதுக்கி (கொரகொரப்பாகச் சதைத்து) எடுங்கள். விழுதாக அரைத்தால் ஒறட்டி கொழகொழக்கும். இதையும் உப்பையும் மாவில் போட்டு விரலால் நன்றாகத் திருமுங்கள். பிறகு தளதளவென்று கொதிக்கும் வெள்ளம் ஒன்றரை கப், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அகப்பைக் காம்பால் கிளறுங்கள். மாவு உலர்ந்திருந்தால் இன்னும் கால் கப் குடிக்கும். மூடி 15 நிமிடம் வையுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. உள்ளே இருக்கும் ஆவிதான் மிச்ச மாவைப் பதப்படுத்தும். கை பொறுக்கும் சூட்டிலேயே பிசையுங்கள். ஒரு சின்ன உருண்டையை அமுக்கிப் பாருங்கள்: ஓரம் வெடித்தால் கையைக் கொதிவெள்ளத்தில் அல்ல, சாதா வெள்ளத்தில் நனைத்து இன்னும் பிசையலாம்.

சின்ன ஆரஞ்சு அளவு உருண்டை, எண்ணெய் தடவிய வாழையிலைத் துண்டில் கால் அங்குல கனம். ஏழெட்டு வரும். சூடான இரும்புத் தோசைக்கல்லில் இலையோடு கவிழ்த்துப் போடுங்கள். அரை நிமிடத்தில் இலை வாடி, ஓரம் தானாகக் கிளம்பும். அப்போது உரித்தால் ஒட்டாது, அவசரப்பட்டால் பாதி மாவு இலையோடு வந்துவிடும். நடுத்தரத் தீ, அடியில் செம்புள்ளி விழுந்ததும் திருப்பி, சட்டுவத்தால் ஓரத்தை அமுக்குங்கள். மொத்தம் ஐந்தாறு நிமிடம். தீ கூடினால் மேலே கரிந்து உள்ளே மாவாகவே நிற்கும். தீ குறைந்து நெடுநேரம் கிடந்தால் ஈரம் வற்றிக் காய்ந்துவிடும்.

ஆறினால் விறைப்பது வெந்த அரிசியின் குணம், குளிர்பெட்டியில் இன்னும் வேகமாக விறைக்கும். சுட்டதும் துணியில் சுற்றி அடுக்கி வையுங்கள். மிஞ்சியதை மறுநாள் இட்லிச் சட்டியில் மூன்று நிமிடம் ஆவி காட்டினால் பழைய மெதுமை வந்துவிடும்.