மாதம் பிறந்தால் ஷிஃப்ட் ஏன் இடிக்கிறது?

கேள்வி: எங்கள் ஆலையில் நான்கு குழுக்கள். ஏ ஷிஃப்ட் 2 நாள், பி 2 நாள், சி 2 நாள், ஆஃப் 2 நாள் என்று சுற்றி வருகிறது. எக்செலில் போன மாத ஷீட்டைக் காப்பி செய்து போட்டால் 1-ஆம் தேதியிலேயே இடிக்கிறது. என்ன செய்வது? (ஓசூர் வாசகர்)

பதில்: உங்கள் சுற்று 8 நாள். 31 நாள் மாதத்தை 8-ஆல் வகுத்தால் மீதி 7, 30-க்கு 6, 28-க்கு 4. அந்த மீதி அளவுக்கு அடுத்த மாதம் நகர்ந்துதான் தொடங்கும். அதனால் மாதக் கணக்கையே விட்டுவிட்டு நாள் கணக்குக்கு வாருங்கள்.

முதல் குழு ஏ ஷிஃப்டைத் தொடங்கிய ஏதாவது ஒரு தேதியைத் தனி செல்லில் எழுதுங்கள். 2026 ஜனவரி 5 என்று வைத்துக்கொள்வோம். இனி அதை மாற்றவே கூடாது, புத்தாண்டிலும்கூட. பக்கத்தில் எட்டு வரிகளில் ஏ, ஏ, பி, பி, சி, சி, ஆஃப், ஆஃப். குழுக்களுக்கு நகர்வு எண் (முதல் குழுவைவிடச் சுற்றில் எத்தனை நாள் முன்னால் இருக்கிறது என்பது) 0, 2, 4, 6.

தேதியிலிருந்து தொடக்கத் தேதியைக் கழித்து, நகர்வைக் கூட்டி, மாட் (MOD) ஃபங்ஷனால் 8-ஆல் வகுத்த மீதியை எடுங்கள். அதோடு 1 கூட்டி, பட்டியலில் அந்த எண்ணுள்ள வரியை எடுத்துத் தரும் இண்டெக்ஸில் (INDEX) கொடுத்தால் ஷிஃப்ட் வந்துவிடும். ஏப்ரல் 14-ஐப் பாருங்கள்: இடையில் 99 நாள், மீதி 3, கூட்ட 4. நான்காவது வரி பி. அதே நாளில் இரண்டாம் குழு சி, மூன்றாவது ஆஃப், நான்காவது ஏ. நான்கும் வேறு வேறாக வந்தால் கணக்கு சரி. ஒவ்வொரு தேதியிலும் ஒவ்வொரு ஷிஃப்டும் எத்தனை முறை வருகிறது என்று கவுண்ட்இஃப் (COUNTIF) வைத்து எண்ணிச் சோதியுங்கள். எங்காவது 1 தவிர வேறு எண் வந்தால் அந்த வரியில் கை வைத்திருக்கிறார்கள்.

பெரும்பாலும் தவறுவது மூன்று இடங்களில். அந்த 1-ஐக் கூட்ட மறந்தால் மீதி 0 வரும் நாளில் இண்டெக்ஸ் எட்டு வரியையும் கொட்டப் பார்க்கும். தொடக்கத் தேதிக்கும் பட்டியலுக்கும் டாலர் குறி போடாவிட்டால், ஃபார்முலாவை இழுக்கும்போது அவையும் நகரும். மூன்றாவது, தேதி எழுத்தாக நிற்பது. கணினியின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 05-03-2026 என்பது மே 3 ஆகிவிடும். 13-03-2026 தேதியாகவே மாறாமல் செல்லின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இடது ஓரத்தில் தேதியைக் கண்டாலே சந்தேகப்படுங்கள்.

ஷிஃப்ட் மாற்றிக்கொள்பவர்களுக்காக ஃபார்முலா மேல் தட்டச்சு செய்யாதீர்கள். தேதி, பணியாளர் எண், புது ஷிஃப்ட் என்று தனிப் பட்டியல் வையுங்கள். முதலில் அதில் தேடட்டும், இல்லாவிட்டால் சுற்றுப்படி எடுக்கட்டும்.

கேள்வி: நைட் ஷிஃப்டுக்கு நள்ளிரவு 12.20-க்கு வந்து பஞ்ச் (வருகைப் பதிவு) வைத்தவருக்கு முந்தின நாள் ஆப்சென்ட் விழுகிறது. (ராணிப்பேட்டை வாசகர்)

பதில்: நள்ளிரவில் தேதி மாறிவிடுகிறதே, அதனால்தான். உள்ளே வரும் பஞ்சிலிருந்து 4 மணி நேரத்தைக் கழித்துவிட்டுத் தேதியை எடுங்கள். எக்செலில் 4 மணி நேரம் என்பது 4-ஐ 24-ஆல் வகுத்தது. பிறகு, நேரத்தை நீக்கித் தேதியை மட்டும் தரும் இண்ட் (INT) ஃபங்ஷன். 12.20 முந்தின நாளின் இரவு 8.20 ஆகிவிடும். 6 மணி நேரம் என்று கழித்துவிடாதீர்கள்: காலை 5.50-க்கு ஏ ஷிஃப்டுக்கு வந்து நிற்பவர் முந்தின நாளுக்குப் போய்விடுவார். வெளியே போகும் பஞ்சுக்குத் தனியாகத் தேதி கணக்கிட வேண்டாம். அதை உள்ளே வந்த பஞ்சோடு ஜோடி சேர்த்து, அதே தேதியில் வையுங்கள்.

கேள்வி: இதே சுற்றில் எங்கள் குழுவுக்கு மட்டும் ஞாயிறு ஆஃப் குறைவு என்கிறார்கள். உண்மையா? (கோவை வாசகி)

பதில்: இல்லை. 7-க்கும் 8-க்கும் 1-ஐத் தவிரப் பொது வகு எண் கிடையாது. 56 நாளில் எல்லாக் கிழமையும் எல்லா ஷிஃப்டிலும் சமமாக விழும். எட்டு ஞாயிறில் எந்தக் குழுவுக்கும் இரண்டு ஆஃப், அதுவும் அடுத்தடுத்த வாரங்களில். பிறகு ஆறு ஞாயிறு தொடர்ந்து வேலை. அந்த ஆறு வாரம்தான் அவர்களுக்கு உறுத்துகிறது. 56 நாள் அட்டவணையை அச்சடித்து நான்கு குழுவுக்கும் காட்டுங்கள்.